விடுதி மூடிய நாளில் தொடங்கிய சங்கம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூ ஜெர்சியில் கல்லூரியில் படித்தேன். வீடு பக்கத்திலேயே, எடிசனில். வெள்ளிக்கிழமை மாலையானால் அழுக்குத் துணிமூட்டையோடு அம்மாவிடம் போய்விடுவேன். என் விடுதித் தளத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையன் எங்கும் போக மாட்டான். உதவித்தொகையில் தனியாக வந்தவன்; பெற்றோர் கொழும்பில் இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

இரண்டாம் ஆண்டு நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டினார்கள். என்னை அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். நான் வெளியே வந்தபோது அவன் பெட்டியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

“எங்க போற?”

“இன்னும் முடிவெடுக்கேல்ல. பஸ் ஸ்டேஷனில இருக்கலாம் எண்டு யோசிக்கிறன். நாலு நாள்தானே.”

அப்பா அவன் பெட்டியைத் தூக்கிக் கார் டிக்கியில் வைத்தார்.

அந்த நான்கு நாளும் அவன் எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கினான்; அதைவிட நன்றாகச் சாப்பிட்டான். திரும்பி வந்ததும் எதிர் அறைக்காரனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் டெக்சஸில் பிறந்த தமிழன். நாம் பேசும் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். “லெட்ஸ் ஸ்டார்ட் எ ஃப்ரட்டர்னிட்டி” என்றான். மாணவர்கள் தங்களைச் சகோதரர்களாக அறிவித்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் சங்கம் அது. எங்கள் கல்லூரியில் ஏற்கெனவே பல இருந்தன. ஆனால் விடுமுறை வந்தால் அந்த வீடுகளும் காலியாகிவிடும். எங்கள் சங்க வீடு பூட்டப்படாது என்பதையே முதல் விதியாக எழுதினோம்.

புதுச் சங்கத்துக்குப் பத்துக் கையெழுத்து வேண்டும் என்றது கல்லூரி அலுவலகம். எங்கள் மூவரைத் தவிர ஏழு பேர் சம்மதித்தார்கள். மறுவாரமே ஆறு பேர் பின்வாங்கினார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். என் வீட்டிலும் அதே.

“படிக்கத்தான உன்னைய அனுப்புனது? குடிச்சுப்போட்டுக் கூத்தடிக்கறதுக்கு ஒரு சங்கமா?” என்றார் அப்பா, பெட்டியைத் தூக்கிவைத்த அதே அப்பா.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்களின் பெற்றோரையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், படிக்கட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவனைப் பற்றி அவளே சொன்னாள். ஆன்ட்டிகள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

ஒரு அங்கிள் மட்டும் நேராகக் கேட்டார்: “அதெல்லாம் சரிப்பா. குடி இருக்குமா, இருக்காதா?”

இருக்காது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்தான் முந்திக்கொண்டான்.

“வெளியில போய்க் குடிக்கிற ஆக்கள் இருப்பினம் அங்கிள். நான் பொய் சொல்லேல்ல. வீட்டுக்குள்ள கூடாது எண்டு எழுதி வைக்கிறம்.”

காரியம் கெட்டது என்றே நினைத்தேன். அங்கிள் சத்தமாகச் சிரித்தார். “உண்மையச் சொல்றான். என் பையன் சைன் பண்ணட்டும்.” அன்று மாலைக்குள் எல்லாக் கையெழுத்தும் கிடைத்தன.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அடுத்த தேங்க்ஸ்கிவிங்குக்கு ஊருக்குப் போக முடியாத பதினான்கு பேர் வந்தார்கள். அவர்களில் கொரியாக்காரர் ஒருவர், நைஜீரியாக்காரர் இருவர். டெக்சஸ்காரன் சாம்பாரில் பெருங்காயத்தைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டான். கண்ணில் நீர் வர எல்லோரும் சாப்பிட்டோம். ஒரு சொட்டு மீதியில்லை.

யாழ்ப்பாணத்து நண்பனின் பட்டமளிப்புக்கு விசா கிடைத்து அவன் பெற்றோர் வந்தார்கள். அவன் அம்மாவும் என் அம்மாவும் மைதானத்து நாற்காலிகளில் அருகருகே உட்கார்ந்து விடாமல் பேசினார்கள். ஒருவர் தமிழ் மற்றவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிறகு டெக்சஸ்காரன் டாக்டருக்குப் படிக்க ஊர் திரும்பினான். நான் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவுக்கு வேலைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தான் நியூ ஜெர்சியிலேயே கணக்கு வாத்தியாரானான். நல்ல சம்பளத்தில் வேலைகள் வந்தும் அவன் போகவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்று வசந்தத்தில் அவன் கல்யாணத்துக்காக மூவரும் கூடினோம். மறுநாள் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். முன்னறையில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டே பக்கத்தில் எழுதிய விதிகள் ஒரு தடித்த புத்தகமாகியிருந்தன. அதில் எந்த விதியை நீக்குவது என்பதுதான் சண்டை. கதவைத் திறந்த மாணவன் எங்களை யாரோ ஒருவனின் உறவினர்கள் என்று நினைத்துக்கொண்டான்.

“உக்காருங்க அங்கிள், மீட்டிங் இப்ப முடிஞ்சிரும்” என்றான்.

எங்களை முதன்முதலாக ஒருவன் அங்கிள் என்று கூப்பிட்டது அன்றுதான். நாங்கள் யாரென்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சண்டையைக் கேட்டுவிட்டுத் தோசை சாப்பிட, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனோம். எந்த விதியை நீக்கலாம் என்று வழியெல்லாம் எங்களுக்குள்ளும் ஒரே சண்டை.