நமூனா பார்த்து வெட்டிய பல்சக்கரம்

என் மனைவியின் தம்பி புனேயில், சாங்வியில் இருக்கிறான். பனியை ஃப்ரீசருக்கு வெளியே பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு பழைய பனிவண்டியை ஏலத்தில் எடுத்து, தளேகாவில் வாடகைக் கொட்டகை ஒன்றில் நிறுத்தினான். சக்கரத்தில் ஓடுவதல்ல, டாங்கி போல இரண்டு பக்கமும் பட்டையில் ஊர்வது. மூன்று வருஷ சனி ஞாயிறுகள் அதில் போயின. கடையில் கிடைக்காத பாகங்களைப் புதிதாகச் செய்ய வேண்டி வந்தபோது, மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டான். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன்.

இமாசலத்தில் விடுதி நடத்தும் ஒருவர், பனிக்காலத்தில் சாமான் ஏற்ற வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார். ஒரே நிபந்தனை: அது தானாக டிரெய்லரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் டிரெய்லர் காலியாகத் திரும்பும். மாதக் கடைசியில் கொட்டகையையும் விட வேண்டும் என்பதால், வண்டிக்கு அப்புறம் பழைய இரும்புக்கடைதான். மச்சினன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பட்டைகளை இழுக்கும் பல்சக்கரங்கள் இரண்டிலும் விரிசல். பக்கத்து லேத் பட்டறைக்காரர் புதிதாக வெட்டித் தர ஒப்புக்கொண்டார். புனேயிலேயே பிறந்த தமிழர். ரொம்ப மரியாதையாகப் பேசினார்; அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. மாதிரிக்குக் கொடுத்த பழைய சக்கரங்களை, அவர் பாஷையில் நமூனாவை, மாற்றிவிடுவாரோ என்று இரண்டின் உள்விளிம்பிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி குத்தி வைத்தேன். இரும்புக்குச் சர்ட்டிபிகேட் கேட்டேன். அன்றைக்கே கொடுத்தார். அன்றைக்கே கிடைக்கிற சர்ட்டிபிகேட் அசலாக இருக்குமா?

ஒரு நாள் போன் செய்தார்.

"சார், இந்த நமூனாவுல பல்லு ஒரு சைடு ஏக்தம் தேஞ்சிருக்கு. கொஞ்சம் சேர்த்து வெட்டட்டுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எதற்கோ வெட்டிய சக்கரம் மிச்சம் இருக்கிறது. அதை என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"உங்க இஷ்டத்துக்கு ஒண்ணும் சேர்க்க வேண்டாம். நமூனா எப்படியோ அப்படியே."

"பக்கா?"

"எழுதியே தர்றேன்."

தந்தேன். நேரில் போய், பழைய சக்கரங்களில் கட்டியிருந்த அட்டையில் 'மாதிரியில் உள்ளபடியே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சக்கரங்கள் வந்ததும் ஒரு மணி நேரம் அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. குறை கிடைக்காத வருத்தத்தோடு பாஸ் செய்தேன்.

டிரெய்லர் வந்த காலை. சமதரையில் வண்டி ஜோராகப் போயிற்று. சரிவுப் பலகையில் பாதி ஏறியதும் 'டக்' என்றது. பட்டை பல்லைத் தாண்டி வழுக்கியது. இன்னொரு 'டக்'. மச்சினன் பின்வாங்கி எஞ்சினை அணைத்தான். டிரெய்லர் ஓட்டி வந்தவர் மணி பார்த்தார்.

"ஏனுங்க மாமா, புதுச் சக்கரந்தானே?"

"இரும்பு மட்டம் மாப்ள. நான் அப்பவே நினைச்சேன்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டறைக்காரர் காதில் அது விழுந்தது. குந்தி உட்கார்ந்து பல்லைத் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"தேஞ்ச பல்லைத் தேஞ்ச மாதிரியே வெட்டியிருக்கேன் சார். லேசுப்பட்ட வேலை இல்ல."

குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். யாரோ எங்கோ பனியில் ஓட்டி ஓட்டித் தேய்த்ததை, நான் புது இரும்பில் மயிரிழை பிசகாமல் செய்ய வைத்திருக்கிறேன். மச்சினன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"தம்பி," என்று பட்டறைக்காரர் அவனைக் கூப்பிட்டார். "முன்பக்கமாவே ஓட்டி ஓட்டிப் பல்லுல ஒரு முகந்தான் தேஞ்சது. இன்னொரு முகம் முழுசா இருக்கு. ரிவர்ஸ்ல ஏத்துங்க."

வண்டி திரும்பி, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு சரிவில் ஏறியது. எங்களைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்தபடி மச்சினன் எங்களை விட்டு மேலே போனான். பல் பிடித்தது. ஒரு 'டக்'கூட இல்லை. மேலே போய் நின்றதும் டிரெய்லர்காரர் சங்கிலியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஒரு சைடு தேஞ்சதைப் போன்ல சொன்னேனே சார்."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டு, என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். இடது சக்கரத்தை வலதுபக்கமும் வலதை இடதுபக்கமும் மாற்றிப் போட்டால் முன்னாலும் சரியாக ஓடும். விடுதிக்காரருக்குப் புரிகிற மாதிரி அதை வண்டிமேல் இங்கிலீஷில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.