கடல் காணாத விரால்

பிறிசில்லா அன்ரி மீன் சாப்பிடுவதென்றால் நேரம் எடுக்கும். கடலோர டச்பார் வீட்டு மேசையில், கறியில் கிடக்கும் மீனைத் தலையிலிருந்து பிரிப்பார். செவுள் மூடி, தாடை, முள்ளந்தண்டு என்று ஒவ்வொன்றாகப் பீங்கான் விளிம்பில் ஒழுங்காக அடுக்குவார். உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிறவர். மீனின் காதுக்குள் சின்னக் கல் இருக்கிறது, மரத்தைப் போல அதிலும் வளையம் ஓடும், எண்ணினால் வயது தெரியும் என்பார். தச்சுவேலை முடித்து வந்த அவர் கணவர் எல்மோ அங்கிளுக்குப் பசி பொறுக்காது.

“பிறிசி, வயசு தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்? அதுக்குப் பென்சன் குடுக்கவா?”

“நீங்க முள்ளையும் சேத்து விழுங்குறீங்க. தொண்டையில குத்தினா மறுகா என்னட்டத்தான் வருவீங்க.”

நான் அன்ரியின் தங்கை மகன். பள்ளி விடுமுறையெல்லாம் அந்த மேசையில்தான் கழிந்தது. பிறகு நாங்கள் மெல்பேர்னுக்கு வந்துவிட்டோம். இங்கே மீன் முள் எடுத்துத்தான் விற்கப்படுகிறது. அடுக்க ஒன்றும் இல்லை.

2004 நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிறு. அன்ரி பூசைக்கு ஊருக்குள் போயிருந்தார். அங்கிள் வீட்டில் நின்றார். கடல் வந்து போனபோது டச்பாரில் அவர்கள் வீட்டின் படிகள் மட்டும் மிஞ்சின. அங்கிளின் உடல் கிடைக்கவேயில்லை. அடக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அவருடைய படத்தை வைத்துச் செபம் சொன்னார்கள்.

அன்ரி ஊருக்குள் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. இந்தோனேசியாவில் நிலம் அசைந்ததாகச் செய்தி வந்தாலே அன்ரியை அழைப்பேன். வாகரைப் பக்கம் சண்டை என்றாலும் அப்படித்தான். அழைத்தால், முதலில் கேட்பது சாப்பாடு.

“இண்டைக்கு என்ன கறி அன்ரி?”

“மணலை மீன் வாங்கினன் மகன்.”

அதைக் கேட்டால் போதும், மனம் அடங்கிவிடும். மீன் வாங்குகிற ஆள் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொள்வேன். நாலு வருடத்துக்கு மேல் அந்தப் பதில் மாறவேயில்லை.

சண்டை முடிந்த வருடம், ஆடி மாதம், ஊருக்குப் போனேன். முதல் நாள் பகல் பருப்பும் முட்டையும். அடுத்த நாளும் பருப்பும் முட்டையும். காலையில் மீன் வாங்கியதை நானே கண்டேன். கறிச்சட்டியில் மட்டும் மீன் இல்லை. வீட்டின் பின்னால் கோடிப்புறம் போய்ப் பார்த்தால், ரொசா என்ற பூனை, நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்து, ஒரு மணலையின் வாலோடு படுத்துக்கிடந்தது.

மறுநாள் வாசல் படலையில் கச்சி முகம்மது நானாவைப் பிடித்தேன். காத்தான்குடிக்காரர். டச்பார்க் காலத்திலிருந்தே சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, ரப்பர் ஹோர்ண் அடித்துக்கொண்டு வருகிறவர்.

“அன்ரி மீன் சாப்பிடுறேல்லயா, நானா?”

அவர் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பூனைதான் தின்னுது தம்பி. சுனாமியிலரிந்து அப்பிடித்தான்.”

அவர் சொல்லித்தான் மற்றது தெரிய வந்தது. அலைக்குப் பிறகு ஊரே மீனைத் தொடவில்லை. கடலில் போனவர்களின் உடலை மீன் தின்றிருக்கும் என்று சனம் அருவருத்தது. ஹோர்ண் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். கச்சி முகம்மதுவின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரீச்சர் சொன்னால் சனம் கேட்கும் என்று அன்ரியிடம் வந்து நின்றார்.

அன்ரி வகுப்பில் மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு தங்கள் தெரு ஒழுங்கையின் முகப்புக்குப் போனார். மணலை ஒன்றைப் பலகையில் போட்டு வயிற்றைத் திறந்தார். கோழியின் இரைப்பை போலத் தடித்த வயிறு. உள்ளே கறுத்த சேறும் மணலும் பாசியும். சுருள் சுருளாக நீண்ட குடல்.

“சதை தின்னிற மீன் இருக்குதான், இல்லையெண்டு சொல்லேல்ல. இது வாவிச் சேறு மேயுற மீன். வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, கடிக்கிறதுக்குப் பல் எங்க?”

ஒருத்தி விரலை விட்டும் பார்த்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, அங்கிளைப் பற்றி அறியாதவள், சிரித்துக்கொண்டே கேட்டாள்: “பாடம் நல்லாத்தான் இருக்கு. நீங்க வாங்குவீங்களா ரீச்சர்?”

அன்ரி கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் துடைத்தாராம். பிறகு, “ரெண்டு மணலை போடுங்க, கச்சி முகம்மது” என்றாராம்.

அன்றைக்கு ஒழுங்கைச் சனமெல்லாம் மீன் வாங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எல்லாரும் காண முதலில் வாங்குவது அன்ரிதான்.

“அவ தின்னுறல்லயெண்டு நான் கண்டுபிடிச்சிட்டன் தம்பி. ஆனா வாய் துறக்கல்ல. துறந்தா என்ட யாவாரம் போயிரும். அத நெனைக்கக்குள்ள எனக்கே வெக்கமா இரிக்கி.”

அடுத்த காலை அவர் மணலை கொண்டுவரவில்லை. பெட்டிக்குள் நனைந்த சாக்கு. சாக்குக்குள் உயிரோடு ஒரு விரால். சண்டைக் காலத்தில் போக முடியாதிருந்த பாதை இப்போது திறந்திருந்தது. வலையிறவுப் பாலம் தாண்டி, உன்னிச்சைக் குளத்துக்கே போய் வந்திருந்தார்.

“குளத்து மீன் ரீச்சர். இது கடலக் கண்டதேயில்ல.”

அன்ரிக்கு முகம் சிவந்தது. “மணலை சதை தின்னாதெண்டு எனக்குத் தெரியாதா? நான்தானே வெட்டிக் காட்டினன்.”

“உங்களுக்குத் தெரியும். அதுக்காகவா கொண்டு வந்தன்?”

அன்ரி சாக்கை என்னிடம் நீட்டினார். நான் விராலை வாளித் தண்ணீரில் விட்டு மூடப் போனேன்.

“நிரப்பி மூடாதடா மகன். விராலுக்குச் செவுள் மட்டும் காணாது. மேல வந்து காத்து எடுக்கோணும். விடாட்டி மீனெண்டாலும் தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துப்போகும்.”

சொல்லிவிட்டு வாளிக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். விரால் மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிக் கீழே போனது. மறுபடியும் வந்தது. பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹோர்ண் கேட்டதும் அன்ரியே வாளியைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனார். “எனக்குக் கை வராது. நீங்க வெட்டித் தாங்க.” கச்சி முகம்மது சாம்பல் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போக்கி, துண்டு போட்டுக் கொடுத்தார். நிறையப் புளி விட்டு அன்ரியே ஆக்கினார்.

முதல் வாய்க்குக் கன நேரம் எடுத்தது. மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். பிறகு தலைத் துண்டைத் தன் பக்கம் இழுத்தார். செவுள் மூடி வந்தது. தாடை வந்தது. பீங்கான் விளிம்பில் ஒவ்வொன்றாக ஏறின. நான் என் முள்ளுகளை வாய்க்குள் வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

“முள்ளையும் விழுங்காத. உன்ட அங்கிளைப் போல” என்றார்.

ரொசா மேசைக் காலில் முதுகைத் தேய்த்துக் கத்தியது. அன்ரி காலால் மெல்லத் தள்ளிவிட்டார்.

“போடி. இண்டைக்கு உனக்கில்ல.”