வளர்த்தவளின் மணம்

ஆராய்ச்சி நிலையத்தின் விலங்கறையைப் பேணுபவரை எல்லோரும் எலியண்ணன் என்றே அழைப்பர். அவர் பொறுப்பில் இருவகைச் சுண்டெலிகள் இருந்தன: வயலெலி, குன்றெலி. உருவில் இரண்டும் ஒன்றே; சிறுநீரில் கலந்த மணப்பொருள்களே வேறு. எலிக்குத் தன் இனத்தைக் காட்டுவது அந்த மணம்தான்.

நோயொன்று குன்றெலிக் கூண்டுகளைத் துடைத்துவிட்டுப் போயிற்று. எஞ்சியவை ஓர் இளம் ஆணும், கண் திறவாத ஒரு பெண்குட்டியும். தாயிழந்த அக்குட்டியை, புதிதாய் ஈன்றிருந்த வயலெலியிடம் எலியண்ணன் பாலுக்கு விட்டார். அதுவும் நக்கி ஏற்றுக்கொண்டது. அன்றுதான் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கிற்று.

குட்டி வளர்ந்ததும் ஆணோடு சேர்த்தார். இவை கூடாவிடில் குன்றெலிக் குலம் அவ்வறையோடு முடியும். அவை வாழ்ந்த குன்று இன்று கல்லுடைக்கும் குழி. ஆண் தரையெங்கும் துளித்துளியாய்த் தன் மணத்தை இட்டது. பெண்ணோ முகர்ந்து பார்த்து, அயலான் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் மூலையில் ஒடுங்கிற்று.

"என்னங்க, உங்க பொண்ணு இன்னும் மாப்பிள்ளைக்கு மூஞ்சி கொடுக்கலையா?" என்றாள் அன்றிரவு வீட்டில் அவர் மனைவி.

"வாடை பிடிக்கலடி அதுக்கு."

"எனக்குந்தான் உங்க மேல வீசுற பினாயில் வாடை பிடிக்கல. குடும்பம் நடத்தலையா?"



ஆய்வுத்தலைவி கூண்டருகே வெகுநேரம் நின்றார். "அண்ணே, பால்குடிக்கிறப்ப எந்த வாடையில வளந்துச்சோ, அதத்தான் தன் இனம்னு நினைக்கும். இதுக்கு வயலெலிதான் சொந்தம்."

"அப்ப நான் காப்பாத்தினதுதான் தப்பா மேடம்?"

"அப்படியே விட்டிருந்தா அன்னைக்கே செத்திருக்கும்ணே."

இறுதி முயற்சியாக, வயலெலி ஆணின் சிறுநீரைப் பஞ்சில் தோய்த்துக் குன்றெலி ஆணின் முதுகில் தடவினார்கள். பெண் ஓடிவந்தது, மூக்கோடு மூக்கு வைத்தது. ஆனால், தன்மேல் ஏறிய அந்நிய மணம் பொறாத ஆண், குந்தி அமர்ந்து உடலெங்கும் நக்கித் துடைக்கலாயிற்று. மணம் தேயத் தேயப் பெண் பின்வாங்கிற்று. பழைய மூலையை அடைந்து முதுகைக் காட்டிப் படுத்தது.

"நாளைக்கு இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றார் தலைவி.

"பாக்கலாம் மேடம். நாளைக்கும் மாப்பிள்ளை நக்கிக் குளிச்சிடும்."