தின்று பார்த்துக் கொடுக்கிற சோறு

பிள்ளைக் காம்பராவுக்கு மைக்ரோவேவ் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. துரை பங்களாவில் புதிது வாங்கினார்கள், பழையது எங்களிடம் இறங்கி வந்தது, அவ்வளவுதான். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை இந்தக் காம்பராவில் என்னிடம் விட்டுத்தான் மலையேறுவார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் ஆக்கிக் கொண்டுவருகிற சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, மத்தியானம் காஸ் அடுப்பில் ஒவ்வொன்றாகச் சூடாக்கி ஊட்டுவேன். அது எனக்குக் கைவந்த வேலை. இந்தப் பெட்டி யாருக்கு வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் துடைத்து வைத்தேன்.

முதல் நாளே சில்வர் கிண்ணத்தை உள்ளே வைத்துத் தொலைத்தேன். படபடவென்று நீலப் பொறி. ஐயோ அம்மா என்று நான் கத்த, பிள்ளைகள் கைதட்டின. மறுநாள் ஒருத்தி சோற்றை லஞ்ச் ஷீட்டில் சுற்றியபடியே நீட்டினாள். "ஏன்டி, பிளாஸ்டிக்க உருக்கிப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்றியா?" என்று ஏசி அனுப்பினேன். பிறகு வீட்டிலிருந்து என் தடித்த பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போனது. நேரமும் மிச்சம். பெட்டிமேல் எனக்குக் கொஞ்சம் ஆசைகூட வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

அப்போது ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று புதிதாக வந்திருந்தது. சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பும். நிறைக் கார்டில் அதன் கோடு இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டிருந்தது. தாய்க்காரி பிரசவத்துக்குப் பிறகு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். "இந்தத் தடவையும் எட ஏறலன்னா நான் வேலய விட்டுட்டு வீட்ல இருந்துர்றேன்க்கா" என்று சொல்லியிருந்தாள். வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்படியாவது அந்தப் பிள்ளையைத் தின்ன வைப்பது என்று நான் வீம்பு பிடித்தேன். ஒரு வாரத்தில் கரண்டியைக் கண்டால் கோபிக்காத அளவுக்குக் கொண்டுவந்தும்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை பருப்பும் சோறும் பிசைந்தது கல்லாக உறைந்திருந்தது. இரண்டு நிமிடம் வைத்தேன். கோப்பையின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன், வெதுவெதுப்புத்தான். இன்னும் ஒரு நிமிடம் வைத்துத் திரும்பத் தொட்டேன், சரியாக இருந்தது. ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊட்டினேன். பிள்ளை வீரிட்டது. துப்ப வைத்து, பச்சைத்தண்ணீரில் வாயைத் துடைத்தேன். கீழுதடு சிவந்துவிட்டது. கோப்பைக்குள் விரலை விட்டால் ஓரம் நெருப்பு, நடு ஐஸ். சட்டி சுட்டால் சோறு சுடும் என்று அடுப்போடு வாழ்ந்த கைக்கு இது எப்படித் தெரியும்?

கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்க்காரி வந்ததும் சொல்லிவிட்டேன். பல் முளைக்கிறது, அதில் உதடு சிவந்திருக்கிறது என்று சமாளித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

அவள் உதட்டைப் பார்த்தாள். "நீங்க தின்னு பாக்கலயாக்கா?"

"நான் எப்படிம்மா தின்னு பாக்குறது?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூடு பார்க்க ஒரு பிள்ளையின் கஞ்சியில் ஒரு வாய் குடித்தேன். அதன் அப்பாயி வாசலில் நின்று, "எங்க புள்ளைக்கு ஒன் எச்சியக் குடுப்பியா?" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கக் கத்தியது. எச்சில் என்பது வாய்க்கு வந்த சாக்கு. நான் எந்தச் சாதி என்பதுதான் விஷயம். அன்றைக்கு விட்டதுதான். அதன்பிறகு ஒரு பிள்ளையின் சாப்பாட்டிலும் நான் வாய் வைத்ததில்லை.

சாயந்திரம் மிட்வைஃப் மிஸ்ஸி வந்தார். அவர் சிங்களம். லயத்தில் பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கொப்புளம் இல்லை, ஆறிவிடும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹொந்தட்ட கலவம் கரண்ட ஓனே!" என்று ஏசினார். அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும், மறுபடி சூடாக்கி ஆவி பறந்த பிறகு கொஞ்சம் ஆறவிட வேண்டும், வேறு கரண்டியில் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். வந்தாள். பிள்ளையை விட்டாள், கிண்ணத்தை வைத்தாள், போனாள். மத்தியானம் மற்றத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து என் எதிரே குந்தினாள்.

"சூடாக்குங்கக்கா. நான் பாக்குறேன்."

சூடாக்கினேன், கலக்கினேன், திரும்பச் சூடாக்கினேன், ஆறவிட்டேன். கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

"நீயே தின்னு பாத்துச் சொல்லும்மா."

"நான் தெனமும் மலையிலேருந்து எறங்கி வந்து தின்னு பாக்கவா?" குரலை உயர்த்தினாள், எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே. "எம் புள்ளைக்கு நீங்க தின்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும். இல்லாட்டி குடுக்காதீங்க."

அந்தக் கஞ்சிக் கதையை ராத்திரி லயத்தில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு கரண்டி எடுத்து, நடுவிலிருந்து கொஞ்சம் அள்ளி வாயில் வைத்தேன்.

"சூடு சரி. உப்புத்தான் பத்தல."

"ஆமா, அதயும் இனி நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தாள். பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அன்று மூன்று வாய்தான் வாங்கியது. அடுத்த வாரம் முழுக் கோப்பை. நிறுக்கிற நாளில் கோடு ஒரு நூல் ஏறியிருந்தது. அவள் வேலையை விடவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக, "எம் புள்ளைக்கும் பாத்துக் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது பன்னிரண்டு வீட்டுச் சோற்றிலும் எனக்கு ஒரு வாய் உண்டு. மத்தியானத்துக்கு நான் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவதில்லை.