மாமியார் கொண்டுவந்த கேசட்

பாலங்களுக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'டேப் மேடம்'. நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களின் கோப்புகள் அத்தனையையும் நாள்தோறும் டேப் கேசட்டில் நகலெடுத்து வைப்பது அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை நகலை மட்டும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், மாமியாரின் துணி அலமாரியில் வைப்பாள்.

"துணி வைக்கவே இடத்தைக் காணோம். இதுல உன் பாட்டு கேசட் வேற," என்பார் மாமியார்.

"பாட்டு இல்ல அத்தை, பாலம்."

"சரிதான். ஆறு எப்ப வரும்?"

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அலுவலக மாடியில் ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் வேறொரு டேப் டிரைவை மாட்டி, மாதாமாதம் நகல்கள் சரியாகத் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பாள். மேலாளருக்கு அது வேலையற்ற வேலை. "வச்ச பொருள் கைக்கு வரலன்னா வச்சு என்ன சார் பிரயோஜனம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் அறையைத் திறந்தால் கணுக்கால் அளவு தண்ணீர். வார விடுமுறையில் அந்த அறைக் கூரையில் ஓடிய குழாய் வெடித்து சர்வர், டிரைவ், அடுக்கி வைத்த கேசட்டுகள் எல்லாம் குளித்துக் கிடந்தன. ஆற்றுப்பாலத்தின் வரைபடங்களை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, மேல் தட்டுல கடைசியா வச்சேனே, அந்த கேசட் உடனே வேணும். அவர் இருக்காரா?"

"அவன் கெளம்பிட்டான். நானே கொண்டு வரேன்."

"கீழ போட்டுடாதீங்க. நனையாம..."

"உன் புருஷனையே கீழ போடாம வளத்தவ நான். போனை வை."

மாமியார் டாக்சியில் வந்து இறங்கினார். துண்டில் சுற்றிய கேசட்டை மார்போடு அணைத்திருந்தார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய காவலாளியிடம், "மருமக கைலதான் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினார்.

மாடிக் கம்ப்யூட்டரில் கேசட்டைச் செருகினாள். பழைய டிரைவ் ஒருமுறை முனகிவிட்டு வெளியே துப்பியது. சுத்தம் செய்யும் கேசட்டை ஓடவிட்டு, மறுபடி செருகினாள். இந்த முறை உள்ளே சுழலும் சத்தம் சீராகக் கேட்டது. திரையில் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று இறங்கத் தொடங்கின. ஆற்றுப்பாலம் வந்ததும் கீழே இருந்த வரைவாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அதை முதலில் திறந்துவிட்டாள்.

"தூணெல்லாம் இருக்கா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இருக்கு மேடம். வெள்ளிக்கிழமை விட்ட இடத்துலயே நிக்குது."

கீழே கைதட்டல் கிளம்பி மாடிவரை ஏறியது. சொன்னபடி மாலைக்குள் வரைபடங்கள் போய்ச் சேர்ந்தன.

மேலாளர் அவள் மேசைக்கே வந்து, "பெரிய காரியம் பண்ணிட்டீங்க," என்றார்.

அடக்கமாகத் தலை குனிகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "ஆமா சார், பிரமாதமாத்தான் பண்ணிருக்கேன்," என்றாள். பிறகு அதுவரை காத்திருந்த மாமியாரின் கையைக் கோத்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வாசலை நோக்கி நடந்தாள்.