இரண்டு டம்ளர் கடலை எண்ணெய்

பாய் நியூசிலாந்தோடு பேசிவிட்ட செய்தி, நான் வேங்கிக்காலில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. பேசினார் என்றால் வாயால் அல்ல, தந்திபோல் மோர்ஸ் தட்டி. பாய்க்குத் தேரடித் தெருவில் பாத்திரக்கடை. எனக்கு அரசு வேலை. இருவருமே உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், வீட்டில் கருவி வைத்து உலகத்தோடு பேசுகிறவர்கள்.

"ஒரு வாட்டு சார்! ஒரே ஒரு வாட்டு!" என்று போனில் கத்தினார்.

ஒரு வாட் என்பது பூஜை அறையில் எரியும் குட்டி எல்.இ.டி. விளக்கின் அளவு. ஒரு வாட்டுக்கு மிகாத திறனில் கடல் கடந்து பேசியவருக்கு எங்கள் சங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது. அதைப் பெற, உரிமம் உள்ள இன்னொருவர் அந்தத் திறனை அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பாய் பல வருடங்களாக அதற்காகவே கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர். கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்றார்.

அந்த ஞாயிறு காலை உள்ளூர் அலைவரிசையில் நாங்கள் வழக்கம்போல் கூடியபோது, கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் நண்பர் பாயைச் சும்மா விடவில்லை.

"இன்னா பாய், ஒரு வாட்டுன்னு யாரு சொன்னா? உங்க மீட்டரா? அது நூறு வாட்டு மீட்டராச்சே! ஒரு மூட்டை நெல்லு நிறுக்கிற தராசுல மூக்குத்திய வெச்சி நிறுத்தீங்களா?"

"வயித்தெரிச்சல்பா உனக்கு" என்றார் பாய். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

நண்பர் சொன்னது சரிதான். நூறு வாட் வரை காட்டும் மீட்டரில் ஒரு வாட் என்பது முள் சற்று அசைவது மட்டுமே. சாதாரண மல்டிமீட்டரையும் இதில் நம்ப முடியாது. பாயின் கருவியில் மின்சாரம் நொடிக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் தடவை முன்னும் பின்னும் அலைகிறது. அந்த மீட்டரால் அவ்வளவு வேகத்தைத் தொடர முடியாது. வேறு வழி இருக்கிறது, எந்த மின்சாரமாக இருந்தாலும் சூட்டை மறைக்க முடியாது என்று பாயிடம் சொன்னேன்.

மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டம் வடிந்த அடுத்த ஞாயிறு, மதியம் கடையை மூடிவிட்டு அவர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தோம். ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பாய் ஒரு பெட்டி டம்ளரைத் தராசில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எடை மாறாத ஜோடியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் ஒரே அளவு கடலை எண்ணெய் ஊற்றினோம். இரண்டிலும் மின்சாரத்தைச் சூடாக மாற்றும் ஐம்பது ஓம் மின்தடை ஒன்றை முக்கினோம், ஒரு வெப்பமானியை நிறுத்தினோம். ஒரு டம்ளருக்குப் பாயின் கருவி. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டதால் அதன் திறன் முழுவதும் எண்ணெயைத்தான் சூடாக்க வேண்டும். மற்றதற்குப் பேட்டரி. பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. அதை மல்டிமீட்டரில் சரியாக அளந்துவிடலாம். எண்ணெய் இரண்டும் ஒரே அளவு சுட்டால் திறன் இரண்டும் ஒன்று.

காற்று ஒரு டம்ளரை மட்டும் ஆற்றிவிடும் என்பதால் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். சித்திரை மாதம். பாயின் மனைவி வாசலில் வந்து நின்று மூக்கில் துப்பட்டாவை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, ரெண்டு பேரும் இப்படி வேர்த்துக் கொட்டறீங்க. அந்த எண்ணெயில ஒரு வடையாவது வேகுமா?"

"வேகாது. தொட்டாக்கூடத் தெரியாது" என்றார் பாய்.

"அப்ப எதுக்கு இந்தப் பாடு?"

பேட்டரிப் பக்கத்தைச் சரியாக ஒரு வாட்டில் வைத்தேன். பாய் தன் கருவியில் திறனைக் கூட்டும் திருகை நியூசிலாந்தோடு பேசிய அன்றைக்கு இருந்த இடத்திலேயே வைத்திருந்தார். அதன்மேல் நெயில் பாலிஷால் கோடு போட்டிருந்தார். மோர்ஸ் சாவியை அழுத்திப் பிடித்தார்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெப்பமானிகளில் இரண்டு பாதரசக் கோடுகளும் நகரத் தொடங்கின. நான் வாழ்க்கையில் எத்தனையோ எண்களைப் பார்த்தவன். ஆனால் அந்தக் கோடு ஏறியதை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். பேட்டரிப் பக்கம் எனக்குப் புரிந்தது. மற்ற டம்ளரில் எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டிருந்தது, மாடியில் கட்டிய ஆண்டெனாக் கம்பியில் ஏறி, மலைக்கு முதுகைக் காட்டிப் புறப்பட்டு, வங்கக் கடலையும் அதற்கப்பால் எத்தனையோ கடல்களையும் தாண்டி, யாரோ ஒருவர் காதில் விழுந்த அதே சக்தி. கண்ணுக்குத் தெரியாதது, ஒரு டம்ளருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். குழந்தையின் நெற்றிச் சூடுகூட இல்லை.

பாயின் டம்ளரில் கோடு முந்திக்கொண்டு ஏறியது.

சாவியை விட்டுவிட்டு, ஆறவைத்து, வெப்பமானிகளை இடம் மாற்றினோம். அப்போதும் அதுவே முந்தியது. டம்ளர்களை மாற்றினோம். மாறவில்லை. பேட்டரிப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எட்டரை வோல்ட்டில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறின. காகிதத்தில் கணக்குப் போட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. பாய் மனதுக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"ஒன்னரை" என்றார்.

"கொஞ்சம் கம்மி. ஆனா ஒன்னு இல்ல பாய்."

"தெரியுது சார்." சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சான்றிதழ்ப் படிவத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். அவர் மனைவி உள்ளே வந்து ஃபேனைப் போட்டார்.

மறு ஞாயிறு காலை அலைவரிசையில், யாரும் கேட்பதற்கு முன் பாயே ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் சொல்லிடறேன். சார் வந்து எண்ணெயில அளந்தாரு. ஒரு வாட்டு இல்ல. ஒன்னரை கிட்ட வருது. சான்றிதழுக்கு அனுப்பல. ஓவர்."

கீழ்பென்னாத்தூர்க்காரர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் ஒலியைக் கூட்டினேன். அவர் குரல் வந்தது. அதில் கிண்டல் இல்லை.

"பாய், நிஜமா அளந்ததா அது?"

"சார் அளந்தது."

"ஒன்னரை வாட்டுல நியூசிலாந்து. நான் இவ்ளோ நாளா உங்களுது பத்து வாட்டாவது இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாய். நெசமா சொல்றேன். ஒன்னரைல எப்படிப் போச்சி அது?"

பாய்க்கு அது தெரியாது. தெரிந்தால்தானே சொல்வது! எனக்கும் தெரியாது. எவ்வளவு போனது என்பதை மட்டும்தான் நாங்கள் அளந்திருந்தோம்.

"இரு, அரை வாட்டுல வெச்சிப் பாக்கறேன்" என்றார் பாய். "எண்ணெய் இன்னும் டம்ளர்லதான் கீது."