ஏரிப் பக்கச் சுவர்

ஈயம் உருகிப் புகையும் வாடை எங்கே வந்தாலும், பழவேற்காட்டில் என் புது வீட்டுக்கு விளக்குப் போட வந்த எலெக்ட்ரீஷியன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒல்லி உடம்பு, உப்புக் காற்றில் வெளுத்த புருவம். ஒயரின் முனையை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். கரித்தால் வெட்டி எறிவார்; இல்லையென்றால் ஈயம் உருக்கிப் பற்றவைப்பார்.

"பன்னெண்டு வோல்ட்டு ஆள ஒண்ணும் பண்ணாது சார். உப்புதான் ஒயரத் தின்னுடும்."

போனில் விரலால் தள்ளினால் நீலம், ஊதா, செம்பு என்று நிறம் மாறும் எல்.இ.டி. பட்டைகள், நானே தேடித் தேடி வாங்கியவை. ஏரித் தண்ணீரில் அந்த நிறமெல்லாம் வழிய வேண்டும் என்பது என் ஆசை. அறைகளில் ஒட்டி முடித்தவர், ஏரியைப் பார்த்த சுவருக்கு வந்ததும் ஏணியை மடக்கிவிட்டார்.

"இங்க போட மாட்டேன்."

"ஏன்?"

"வெளிச்சத்துக்கு எறா வரும் சார். எல்லாம் உங்க சுவத்தாண்ட வந்துட்டா, பாட்டுக்காரன் வலையில இன்னா வுழும்? சேறா?"

ஏரியில் இறாலுக்கு யார் எங்கே வலை கட்டுவது என்று ஊரார் சீட்டுப் போட்டு முறை வைப்பதுதான் பாடு; முறை வந்தவன் பாட்டுக்காரன். அந்த வாரம் முறை அவருடைய தங்கை வீட்டுக்கு.

"கலரை மாத்தி மங்கலா வச்சுக்கறேனே?"

"கலரு உங்களுக்கு. எறாவுக்கு எல்லாம் வெளிச்சம்தான்."

"என் வீடு, என் சுவர். வேற ஆளை வச்சுப் போட்டுக்கறேன்!" என்று கத்தினேன்.

மிச்சப் பட்டையை மடங்காமல் சுருட்டி என் கையில் பதமாக வைத்தார். அவ்வளவு பகையில் அந்தப் பதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. படியிறங்கித் திரும்பினார்.

"போட்டுக்கோ. வெளக்கு எரிஞ்சா நானே வந்து ஒயர அறுப்பேன். அதுக்குக் கூலி வாணாம்."